நீரிழிவோடு நெடுந்தூரம் ஓடப் பழகுவது எப்படி?

ஒருவர் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் 10 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாட்கள் ஓடுகிறார். முதல் நாள் இரத்தச் சர்க்கரை 150-இல் தொடங்கி 135-இல் முடிகிறது. இரண்டாம் நாளும் அதே 150-இல்தான் தொடங்குகிறார். ஆனால் ஏழாவது கிலோமீட்டரிலேயே 62-க்கு இறங்கி, கைகள் நடுங்க ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார். நீரிழிவு உள்ள பலரை நெடுந்தூர ஓட்டத்திலிருந்து விலகச் செய்வது கால்களின் களைப்பைவிட இந்தப் புரியாமைதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கவும் முடியும். எனவே, நீரிழிவோடு ஓடுபவருக்குப் பயிற்சி என்பது தூரத்தைக் கூட்டுவது மட்டுமன்று. தம் உடலில் இன்சுலினும் உணவும் ஓட்டமும் எப்படி ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் அளந்து கற்றுக்கொள்வதும் ஆகும். (இங்கே குறிப்பிடும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை.)

நீரிழிவு இல்லாத ஒருவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்து, தசைகள் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸுக்கு ஈடாக இரத்தத்தில் விடுகிறது. ஊசி வழியாகவோ, உடலோடு இணைத்த சிறு கருவியான பம்ப் வழியாகவோ இன்சுலின் எடுத்துக்கொள்பவருக்கு இந்த வசதி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் தோலுக்கடியில் செலுத்திய இன்சுலினை ஓடும்போது திரும்பப் பெற முடியாது. இயங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளக்கூடியது. அதோடு இன்சுலினும் இரத்தத்தில் மிகுந்திருந்தால் இழுப்பு இரட்டிப்பாகிறது. கல்லீரல் குளுக்கோஸை விடுவிப்பதையும் அதே இன்சுலின் தடுத்துவிடுகிறது. மேலே சொன்ன இரண்டாம் நாளில் நடந்தது பெரும்பாலும் இதுதான்: அன்று அவர் சாப்பிட்டு, அதற்கான முழு இன்சுலினையும் போட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து ஓடியிருப்பார். ஆகவே ஓடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘என் சர்க்கரை எவ்வளவு?’ என்பதைவிட, ‘என் உடலில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் இன்சுலின் எவ்வளவு?’ என்பதே.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம்

பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்கள் நெடுந்தூரப் பயிற்சிக்கு முன் கண், இதயம், சிறுநீரகம், பாதம் ஆகிய நான்கையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கும் அளவுக்குப் பாதிப்பு முற்றியிருந்தால், கடுமையான உடற்பயிற்சியால் கண்ணுக்குள் இரத்தக் கசிவு ஏற்படலாம். சிகிச்சை முடியும்வரை ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையிலேயே அறியலாம். இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாகவே இயக்கும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால், ஓடும்போது இதயத் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. அப்படிப்பட்டவர்கள் இதயத் துடிப்புக் கடிகாரத்தை நம்பி வேகத்தை அமைத்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைச் சொல்வது யாரையும் அச்சுறுத்துவதற்காக அன்று. பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997-இல் நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகுதான் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் அவர் தமது ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். உடலை ஒழுங்காகப் பரிசோதித்துக்கொண்டு தொடங்குபவருக்கு நீரிழிவு தடையாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் செல்லும்போது, ‘நான் ஓடலாமா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், ‘இத்தனை மணி நேரம், வாரத்தில் இந்த நாட்களில் ஓடப்போகிறேன், எந்த மருந்தை எவ்வளவு மாற்ற வேண்டும்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வருவது நல்லது. கீழே வரும் அளவுகள் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் தொடக்கப் புள்ளிகள். உங்களுக்கான அளவு அந்த உரையாடலில்தான் முடிவாக வேண்டும்.

ஓட்டத்துக்கு முந்தைய அளவு

இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் ஒரு மணி நேர அளவிலான நிதான ஓட்டத்தை 126 முதல் 180 வரையிலான சர்க்கரை அளவில் தொடங்குவது பாதுகாப்பானது. 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் வரை குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, அளவு 90-ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். 90-க்கும் 126-க்கும் இடையில் இருந்தால் சுமார் 10 கிராம் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். 180-லிருந்து 270 வரை இருந்தாலும் நிதானமாக ஓடலாம்; அளவு தானாகவே இறங்குவதைப் பெரும்பாலும் காணலாம்.

270-க்கு மேல் போனால், அதுவும் அதற்கான காரணம் தெரியாவிட்டால், இரத்தத்தில் கீட்டோன் (உடல் சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) அளவைப் பார்க்காமல் ஓடக் கூடாது. கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று ஓட்டமே கிடையாது. உடலில் இன்சுலின் போதவில்லை என்பதன் அடையாளம் அது, அந்த நிலையில் ஓடினால் சர்க்கரையும் கீட்டோனும் மேலும் ஏறும். 0.6-லிருந்து 1.4 வரை இருந்தால் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்த பிறகே, அதுவும் லேசான பயிற்சியை மட்டுமே செய்ய வேண்டும். முந்தைய 24 மணி நேரத்துக்குள் மற்றவர் உதவி தேவைப்படும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்திருந்தால், அன்றும் ஓய்வுதான். ஒருமுறை அப்படி இறங்கியபின், உடலின் எச்சரிக்கை மணிகள் அடுத்த முறை மங்கலாகவே ஒலிக்கும்.

ஓட்டத்துக்கு எந்த நேரம் உகந்தது என்ற கேள்விக்கு என் விடை தெளிவானது: இன்சுலின் போடுபவர் நெடுந்தூர ஓட்டத்தைக் காலையில், சாப்பாட்டுக்கான இன்சுலின் போடுவதற்கு முன் வைத்துக்கொள்ளட்டும். அந்நேரத்தில் உடலில் அடிப்படை இன்சுலின் (உணவுக்காக அன்றி, நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வது) மட்டுமே இருக்கும். சர்க்கரை சரியும் வேகமும் குறைவாக இருக்கும். சிலருக்கு விடியற்காலை ஹார்மோன்களால் சர்க்கரை ஏறக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் 62-ஐச் சமாளிப்பதைவிட 190-ஐச் சமாளிப்பது எளிது. மாலையில்தான் ஓட முடியும் என்பவர்கள், ஓட்டத்துக்கு முன் மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிடும் உணவுக்கான இன்சுலினைக் குறைக்க வேண்டியிருக்கும். அரை மணி நேர மிதமான ஓட்டத்துக்குச் சுமார் பாதியும், ஒரு மணி நேரத்துக்கு முக்கால் பங்கு வரையும் குறைப்பது வழக்கம். பம்ப் பயன்படுத்துபவர்கள் அடிப்படை அளவை 50 முதல் 80 விழுக்காடு வரை குறைக்கலாம். ஆனால் ஓடத் தொடங்கும் நிமிடத்தில் குறைத்துப் பயனில்லை, 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே தோலுக்கடியில் உள்ள இன்சுலின் குறைய அவ்வளவு நேரமாகும். ஊசி போடும் இடமும் கவனத்துக்குரியது: ஓடுவதற்கு முன் தொடையில் போட்டால், இயங்கும் காலின் இரத்த ஓட்டத்தில் இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாகக் கலந்துவிடும். வயிற்றுப் பகுதியே மேல்.

ஓடும்போது

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். நீரிழிவு இல்லாத ஓட்டக்காரரும் இதே அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளி ஓட்டத்தில் இனிப்பு சாப்பிடலாமா என்று தயங்கத் தேவையில்லை, அங்கே அது எரிபொருள். அதை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளாமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 10 முதல் 20 கிராமாகப் பிரித்துக்கொண்டால் சர்க்கரை ஏறி இறங்குவதும் குறையும், வயிறும் புரளாது. எந்த ஜெல் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்), எந்தப் பானம் உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பதைப் பயிற்சி நாட்களிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து பாருங்கள். விரலில் குத்திப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜெல் பாக்கெட்டைக் கிழித்த விரலில் கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும், அதே விரலில் குத்தினால் இரத்தத் துளியோடு அந்த இனிப்பும் கலந்து, உண்மையில் 70 உள்ள இடத்தில் 200-க்கு மேல் காட்டிவிடும். அதை நம்பி இன்சுலின் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். தண்ணீர் இல்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்துங்கள்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்களுக்கு வேலை எளிது. என்றாலும் சென்சார் அளப்பது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை அன்று, தோலுக்கடியில் உள்ள திசு நீரில் உள்ளதை. இரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். எனவே எண்ணைவிட, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறிக்கு மதிப்பு அதிகம். 110 என்று காட்டி அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்கினால், அப்போதே 15 முதல் 20 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். 70 என்று காட்டும்வரை காத்திருந்தால் இரத்தத்தில் அதற்கும் கீழே போயிருக்கும். எண்ணும் உடலின் உணர்வும் முரண்பட்டால் விரலில் குத்திப் பார்த்து முடிவெடுங்கள்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகளான வியர்வை, படபடப்பு, தளர்ச்சி ஆகிய மூன்றும் ஓட்டத்தின் இயல்பான விளைவுகளே என்பதால், அவற்றை வைத்து அடையாளம் காண முடியாது. வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். உதடுகளும் நாக்கு நுனியும் மரத்தாற்போல் இருக்கலாம், சமதரையில் கால் இடறலாம், காரணமில்லாமல் எரிச்சல் வரலாம், பார்வை மங்கலாம். இன்னும் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது, இந்த வேகத்தில் எப்போது முடியும் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக நொடியில் வரும் விடை வராமல் தடுமாறினால் உடனே நின்றுவிடுங்கள். நின்று, விரைவாகக் கரையும் 15 கிராம் குளுக்கோஸை எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு குளுக்கோஸ் மாத்திரையில் பொதுவாக 4 கிராம் இருக்கும். ஆகவே நான்கு மாத்திரை. அளவு ஏறி நிலைபெற்றால் மெதுவாகத் தொடரலாம். 54-க்குக் கீழே இறங்கியிருந்தால் சர்க்கரை சரியானாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இடுப்புப் பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: திட்டமிட்ட அளவைவிட ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலான குளுக்கோஸ், அளக்கும் கருவி, கைபேசி, நீரிழிவு இருப்பதையும் எடுக்கும் மருந்தையும் குறிப்பிடும் அடையாள அட்டை அல்லது கைப்பட்டை. நெடுந்தூரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். போக நேர்ந்தால் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உடன் ஓடுபவருக்கு, நீங்கள் குழறிப் பேசினால் என்ன கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சர்க்கரையை விரைவாக ஏற்றும் மருந்தான குளுக்ககான் கைவசம் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்றிரவு

ஓட்டம் முடிந்ததும் கவனத்தைத் தளர்த்திவிடுவதுதான் மிகுந்த ஆபத்து. காலியான கிளைக்கோஜன் கிடங்கை நிரப்பிக்கொள்ளத் தசைகள் பல மணி நேரம் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினுக்கு உடல் கூடுதலாக இணங்கும் இந்த நிலை 24 மணி நேரம், சிலருக்கு 48 மணி நேரம் வரைகூட நீடிக்கும். மாலையில் ஓடியவருக்கு நள்ளிரவுக்குப் பின், ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் சர்க்கரை சரியக்கூடும். அதனால் நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த உணவுக்கான இன்சுலினைப் பாதி வரை குறைப்பதும், படுக்கும்போது போடும் அடிப்படை இன்சுலினை 20 விழுக்காடு அளவுக்குக் குறைப்பதும், உறங்கும் முன் இன்சுலின் இல்லாமல் சிறிது மாவுச்சத்து சாப்பிடுவதும் வழக்கமான முன்னேற்பாடுகள். டெக்லுடெக் போல 24 மணி நேரத்தைத் தாண்டிச் செயல்படும் இன்சுலினை அன்றிரவு மட்டும் குறைப்பதால் பெரிய பயன் இருக்காது. அத்தகையவர்கள் உணவு இன்சுலினையும் சிற்றுண்டியையும்தான் நம்ப வேண்டும். சென்சாரின் இரவு எச்சரிக்கையை அணைத்துவிடாதீர்கள். சென்சார் இல்லாதவர்கள், தூரத்தைக் கூட்டிய நாட்களில் மட்டுமாவது நள்ளிரவில் ஒருமுறை எழுந்து பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மது கூடவே கூடாது. கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை அது தடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். வேக ஓட்டமோ மலையேற்ற ஓட்டமோ முடிந்தவுடன் அட்ரினலின் காரணமாகச் சர்க்கரை 220, 250 என்று ஏறி நிற்கலாம். பதறிப்போய், ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் திருத்த இன்சுலினை முழு அளவில் போட்டுவிட்டால், இரவுச் சரிவுக்கு நாமே வழிவகுத்ததாகிவிடும். பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்து, காத்திருந்து, தேவையானால் வழக்கமான அளவில் பாதியை மட்டும் போடுவதே விவேகம்.

மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஓட்டத்தில் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருப்பதால், அவற்றை எடுப்பவர் மேலே சொன்ன முன்னெச்சரிக்கைகளைப் பின்பற்ற வேண்டும். நெடுந்தூர ஓட்ட நாளில் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றுகின்றன. நீரிழப்பும் நீண்ட உழைப்பும் குறைந்த உணவும் சேர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலத்தன்மை (கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரக்கூடும். ஓடியபின் குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை நீடித்தால், ‘சர்க்கரை 170தானே’ என்று விட்டுவிடாமல் கீட்டோனைப் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் கூட்டுதல்

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர். அதை எட்ட நினைப்பவர், முதலில் வாரத்தில் நான்கு நாட்கள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டமும் நடையுமாகப் பழகட்டும். தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியில் இடைவெளி விடாமலிருந்தால் இன்சுலின் தேவையும் ஓரளவு நிலையாக இருக்கும். பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்கி, அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று வாரம் கூட்டியபின் நான்காம் வாரம் குறைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர் இதில் ஒரு விதியைக் கூடுதலாகக் கடைப்பிடிக்க வேண்டும்: ஒரு தூரத்தில் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும்வரை அடுத்த தூரத்துக்குப் போகக் கூடாது. 12 கிலோமீட்டரில் இருமுறை 70-க்குக் கீழே இறங்கியவருக்குக் கால்கள் 15-க்குத் தயாராக இருந்தாலும், இன்சுலினும் உணவும் இன்னும் தயாராகவில்லை. ஒரே வாரத்தில் தூரம், வேகம், நேரம், இன்சுலின் அளவு எல்லாவற்றையும் மாற்றினால் எது எதற்குக் காரணம் என்று தெரியாமல் போய்விடும்; ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: கடைசியாக இன்சுலின் போட்ட நேரமும் அளவும், சாப்பிட்டது, தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று அளவுகள், வழியில் எடுத்த மாவுச்சத்து, மறுநாள் காலைச் சர்க்கரை. உறக்கமின்மை, மாதவிடாய், வெயில், சளி, காய்ச்சல் போன்றவற்றையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில், எந்த நிலைமையில் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்ற உங்களுக்கே உரிய கணக்கு அதில் தெளிவாகும்; எந்தப் பொது விதியும் அதற்கு ஈடாகாது.

பாதங்களையும் இதே ஒழுங்கோடு பார்க்க வேண்டும். ஷூவை மாட்டும் முன் உள்ளே கைவிட்டு விரல் நுனிவரை தடவிப் பாருங்கள். சிறு கல்லோ, தையல் பிரிந்த விளிம்போ உணர்ச்சி குறைந்த பாதத்தில் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். ஈரத்தை உறிஞ்சித் தேக்கும் பருத்திக் காலுறையைவிட, வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழைக் காலுறை நல்லது. ஓடி வந்ததும் விரல் இடுக்குகளையும் குதிகாலையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் அது முழுவதும் ஆறும்வரை ஓட்டம் வேண்டாம். வெயிலில் இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும் என்பதையும், 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பென்னில் (பேனா வடிவ ஊசிக் கருவியில்) உள்ள இன்சுலின் வீரியம் இழக்கும் என்பதையும் நினைவில் கொண்டு, அதை உடலோடு ஒட்டாமல் குளிர்காப்புப் பையில் வையுங்கள்.

போட்டி வாரம்

போட்டிக்கு முந்தைய வாரம் ஓட்டம் குறைவதாலும் மாவுச்சத்து கூடுவதாலும் சர்க்கரை ஏறும்; அந்நாட்களில் இன்சுலின் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். போட்டி நாள் காலை, பயிற்சியில் பழகிய அதே உணவை, குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கான இன்சுலினின் பெரும்பகுதி தொடக்கக் கோட்டில் நிற்கும்போது தீர்ந்திருக்கும். அங்கே நிற்கும்போது பரபரப்பினால் அளவு 200-ஐத் தாண்டியிருந்தால் அதைத் திருத்த இன்சுலின் போடாதீர்கள். முதல் சில கிலோமீட்டர்களிலேயே அது இறங்கத் தொடங்கும். பயிற்சியில் செய்யாத எதையும் அன்று செய்யாதீர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் முதலில் விரலைக் கழுவி அளவைப் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவைச் சாப்பிட்டு, அதற்குக் குறைத்த அளவில் இன்சுலின் போட்டுக்கொண்டு, இரவு எச்சரிக்கையை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி, 90-இல் வைத்துவிட்டுப் படுங்கள்.